மலையிறங்கிய இரண்டு மோட்டார் சைக்கிள்கள்

என் அப்பாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே ஒன்பது வயதுவரையில் எனக்கு வந்ததில்லை. அதிலும் கயிறு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். அதற்குமேல் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

கோடைக்கானல் கடைத்தெருவில் எங்களுக்குக் காய்கறிக் கடை. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வேன் ஒன்றும் இருந்தது. போளூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கும் பூண்டும், வடகவுஞ்சி வாழைத்தார்களும் அதில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்கும். காய்கறி தவிர வேறு சாமான்களும் இறங்கியிருக்கின்றன. வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம் ஒன்றின் பியானோவை அப்பா அத்தனை வளைவுகளிலும் ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். ஒரு கட்டைகூடச் சுதி மாறவில்லை என்று அந்தப் பள்ளிக்கூடத்துத் துரைசாணி ஆச்சரியப்பட்டதாக அவர் சொல்வார். துரைசாணியை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் சீசனுக்கு ஏரிப் பக்கத்து மைதானத்தில் மரணக் கிணறு போட்டிருந்தார்கள். கிணறு என்றால் தோண்டியது அல்ல. பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய ராட்சசப் பீப்பாய். வெளிப்பக்கத்து மரப்படி ஏறி, விளிம்பைச் சுற்றிப் போட்ட மேடையில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் மோட்டார் சைக்கிள் உறுமும், இரண்டு சுற்றுச் சுற்றும், அப்புறம் சுவரில் ஏறிவிடும். சுவரில் ஒட்டிய பல்லி ஓடுவதுபோல் படுத்த வாக்கில் சுற்றிச் சுற்றி நம் முகத்துக்கு நேரே வரும். மேடை முழுக்க ஆடும்.

ஓட்டியவர்கள் இரண்டு பேர், புருஷனும் பெண்டாட்டியும். அந்த அக்காவுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கால்சராயும் முழுக்கைச் சட்டையும் போட்டு, தலைமுடியைச் சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். பாதி ஓட்டத்தில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, சிறகு மாதிரி விரித்துக்கொண்டு சுற்றுவார். நான் மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை கேட்டபோது, "பொம்பளப் புள்ள பாக்கிற காரியமா அது?" என்று அம்மா தடுத்துவிட்டாள். அம்மாவும் ஒரு தடவை பார்த்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சீசன் முடிந்து மழை பிடிக்கத் தொடங்கியதும் கிணற்றைப் பிரித்தார்கள். அடுத்து வத்தலக்குண்டுத் திருவிழா. பலகைகள் லாரியில் முந்திப் போய்விட்டன. அந்தத் தம்பதி எங்கள் கடை வாசலுக்கு வந்தார்கள்.

"அண்ணே, ரெண்டு வண்டியையும் வத்தலக்குண்டுல எறக்கணும்," என்றார் அக்காவின் புருஷன். "மேல வரும்போது லாரியில போட்டோம். பலகை சரிஞ்சு இவ வண்டி டேங்க நசுக்கிருச்சு."

"ஓட்டிக்கிட்டே எறங்கிரலாமே?" என்றார் அப்பா.

அக்கா சிரித்தார். "அதுக்குப் பிரேக்கே கெடையாதுண்ணே. கிணத்துக்குள்ள பிரேக்குக்கு என்ன சோலி?"

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வண்டி லேசா அடிபட்டாலும் எங்களுக்கு ஆகாது. ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு ஹாண்டில்பாரு கொஞ்சம் கோணினா பரவாயில்ல. செவுத்துல ஓட்டுறப்ப அப்பிடி இருந்தா நான் கீழ கெடப்பேன்."

"கவலைய விடுங்க தங்கச்சி," என்றார் அப்பா. "கண்ணாடி டம்ளர் மாதிரி கொண்டுபோய் வச்சிர்றேன்." அடுத்து பியானோவின் கதை வந்தது.

பள்ளிக்கூட லீவு முடியப் பத்து நாள் இருந்தது. வத்தலக்குண்டில் பெரியம்மா வீடு. அந்த வேனிலேயே நானும் போவதாக முடிவாயிற்று. முடிவு செய்தவள் நான்.

மறுநாள் வெள்ளனே வண்டிகளை ஏற்றினார்கள். தரையிலிருந்து வேனுக்குப் பலகை சாய்த்து, அப்பாவும் அக்காவின் புருஷனும் ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றி, முன் சக்கரங்கள் வேனின் முன் தடுப்பில் முட்டும்படி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அக்கா ஒரு சாக்குப் பையைத் திறந்து வெள்ளை வெளேரென்ற பருத்திக் கயிறுகளை எடுத்தார். முதலில் புருஷனின் வண்டிக்குப் போனார். ஸ்டாண்டை மேலே தட்டிவிட்டார். வண்டியை கியரில் போட்டார். ஹாண்டில்பார் நுனியைத் தொடவில்லை. அதற்குக் கீழே, முன் ஸ்பிரிங்குகள் சேருகிற கனமான இரும்பில் துணி சுற்றி, அங்கே கயிற்றைப் போட்டார். வேனின் இரண்டு பக்கத்து வளையங்களுக்கும் கொடுத்து முன்னும் கீழுமாக இழுத்தார். அவர் இழுக்க இழுக்க, வண்டி மண்டி போடுவதுபோல் முன்பக்கம் தணிந்தது. ஸ்பிரிங் பாதி அமுங்கியதும் முடிச்சுப் போட்டார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறு. பிறகு சீட்டைப் பிடித்து உலுக்கினார். வண்டியோடு சேர்ந்து வேனே ஆடியது.

அப்பா அதுவரை பொறுத்திருக்கவில்லை. அக்கா ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள், அக்காவுடைய வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் போடுகிற தேங்காய் நார்க்கயிற்றால் இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி, வேனின் பக்கவாட்டுக் கம்பியில் கட்டிவிட்டிருந்தார். முடிச்சு என் முஷ்டி அளவு இருந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஸ்டாண்டுல நிக்கிதேண்ணே. ஸ்டாண்ட எடுத்துட்டு ரெண்டு சக்கரத்துலயும் நிக்கணும். ஸ்பிரிங்கு அமுங்கி இருந்தாத்தான் வளைவுல துள்ளாது."

"நிக்கிறதுக்குத்தான ஸ்டாண்டு வச்சிருக்கான்? இருபது வருசமா கட்டுறேன் தங்கச்சி. என் முடிச்சு அவுந்ததில்ல."

"முடிச்சு அவுறாதுண்ணே. கயிறு நீளும். நாருல்ல?"

அப்பா முடிச்சை ஒரு தட்டுத் தட்டினார். அக்கா கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தார். அதற்குள் அவர் புருஷன் குறுக்கிட்டார். "விடு. அண்ணன் பாத்துக்குவாரு. மழை எறங்குது, வெரசா கெளம்புவோம்."

உதவி செய்கிற மனுஷரைப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் பெண். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். கயிறுகளைக் கவனிக்க வேண்டும் என்று அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். நானும் அங்கேதான் உட்காருவேன் என்று அடம் பிடித்து, பூண்டு மூட்டைமேல் இடம் பிடித்தேன். என் பக்கத்தில் அப்பா கட்டிய வண்டி. அந்தப் பக்கம் அக்கா கட்டியது. எனக்கு அது ஒரு பந்தயமாகத் தோன்றியது. யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்க ஆசையாக இருந்தது.

வெள்ளி அருவியைத் தாண்டியதும் அக்கா தகரத்தைத் தட்டி வேனை நிறுத்தச் சொன்னார். "கெளம்பி நாலு மைல் போனதும் ஒருக்கா பாக்கணும். எந்தக் கயிறும் முதல்லதான் எளகும்." தன் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, ஒன்றை மட்டும் அரை சுற்று இறுக்கினார். அப்பாவும் இறங்கி வந்து தம்முடையதை ஒரு தட்டுத் தட்டினார். "கல்லு மாதிரி கெடக்கு," என்றார். அக்கா ஒரு காலிச் சாக்கை மடித்துத் தன் வண்டிக்கும் வேன் சுவருக்கும் நடுவே செருகினார்.

பெருமாள்மலையைத் தாண்டியபோது பனிமூட்டம் உள்ளே வந்தது. நார்க்கயிற்றில் பொடிப் பொடியாக ஈரம் கோத்தது. முந்தின நாள் முழுவதும் பலகை பிரித்துச் சுமந்த அலுப்பு அக்காவுக்கு. கண் செருகிச் செருகி வந்தது.

"பாப்பா," என்றார். "ஒரு அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிறேன். இந்தக் கயிறப் பாத்துக்கிறியா? தொளதொளன்னு ஆச்சுன்னா உடனே என்னைய எழுப்பிரணும். என்ன?"

"சரிக்கா."

அவர் சுவரில் சாய்ந்தார். இரண்டு வளைவுக்குள் தூங்கிப்போனார்.

மூன்றாவது வளைவில் வண்டி ஒரு முறை தலையசைத்தது. அடுத்ததில் கொஞ்சம் கூடுதலாக அசைத்தது. நான் கயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். காலையில் விறைப்பாக இருந்த கயிறு இப்போது விரலுக்கு வளைந்து கொடுத்தது. முடிச்சு அப்படியே இருந்தது. கயிறுதான் வளர்ந்திருந்தது.

எழுப்பியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் எழுப்பினால் அப்பா தோற்றுப்போவார். அதைவிட, அப்பாவின் கட்டு எப்படியும் தாங்கிவிடும் என்று நான் மனதார நம்பினேன். சும்மா ஒரு உதவிக்குத்தான், கயிற்றின் தொய்ந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வண்டி ஆடுவது நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவும் நானுமாகச் சேர்ந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று நான்கு வளைவுகள் இறங்கினேன்.

ஊத்து என்ற ஊருக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேறி வந்த பஸ் திடீரென்று மூக்கை நீட்டியது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி ஸ்டாண்டிலிருந்து முன்னால் குதித்தது. கயிறு என் உள்ளங்கைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. ஹாண்டில்பார் இரும்புக் கம்பியில் மோதிய சத்தம் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்டது. அடுத்து வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது.

அக்கா எப்போது கண் திறந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு, அதே மூச்சில் முதுகைக் கொடுத்து வண்டியைத் தாங்கி நின்றார். கால்கள் இரண்டையும் மூட்டையில் உதைத்திருந்தார். "நிறுத்துங்க!" என்று அவர் போட்ட கூப்பாட்டில் மலையே எதிரொலித்தது. பக்கத்தில் அவர் கட்டிய வண்டி மட்டும் மண்டி போட்ட வாக்கில் அசையாமல் நின்றது.

அப்பாவும் அக்காவின் புருஷனும் ஓடி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். முன் சக்கரம் ஒரு பக்கம் பார்த்தது, ஹாண்டில்பார் வேறு பக்கம் பார்த்தது. புருஷன் குந்தி உட்கார்ந்து முன் இரும்புகளை மேலிருந்து கீழாக விரலால் தடவினார்.

அக்கா என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைகளின் குறுக்கே சிவப்பாக இரண்டு கோடுகள். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"நான் அசந்துட்டேண்ணே," என்றார். "தப்பு எம் பேர்ல."

"நீங்க தூங்குனதுக்கும் கயிறு நீண்டதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரைத் தேற்ற வேண்டும்போல இருந்தது. "அப்பா, உங்க முடிச்சு அவுறவே இல்லப்பா," என்றேன். அது உண்மைதான். முடிச்சு இன்னும் முஷ்டி மாதிரி அங்கேயே இருந்தது.

அப்பா கத்தியை எடுத்து அதை அறுத்தார். "எப்பிடிக் கட்டணும், சொல்லுங்க. நான் இழுக்கிறேன்," என்றார் அக்காவிடம். தூறலில் நனைந்துகொண்டே இருவரும் கட்டினார்கள். அக்கா இடத்தைக் காட்டினார், அப்பா இழுத்தார். போதும் என்று சொல்லும்வரை இழுத்தார். டம்டம் பாறையில் ஒரு முறையும், அடிவாரத்தில் ஒரு முறையும், யாரும் கேட்காமலே வேனை நிறுத்தி இறங்கி வந்து கயிறு பார்த்தார்.

வத்தலக்குண்டு மைதானத்தில் கிணறு பாதி எழும்பியிருந்தது. இறக்கியவுடன் அக்காவின் புருஷன் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹாண்டில்பாரை ஒரு திருகு திருகி நேராக்கினார். "இரும்பு வளையல. திரும்பித்தான் இருந்திருக்கு. ஒண்ணும் இல்லண்ணே," என்றார்.

வழக்கமாக அப்பா சரக்கை இறக்கிய கையோடு மலையேறிவிடுவார். அன்று பெரியம்மா வீட்டிலேயே தங்கினார். வேனில் ஏதோ சத்தம் வருகிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றார். மறுநாள் முழுவதும் வேன் பெரியம்மா வீட்டு வாசலிலேதான் நின்றது. அப்பா மைதானத்தில் இருந்தார். கூடவே நானும்.

அக்கா அந்த வண்டியைத் தரையில் வட்டமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை கையை விடுவார். வண்டி மயிரிழை இடது பக்கம் ஒதுங்கும். நிறுத்துவார், அவரும் புருஷனும் எதையோ தளர்த்தி இறுக்குவார்கள், மறுபடியும் சுற்றுவார். அப்பா புளியமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பீடிகூடப் பற்றவைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குமேல் எழுந்து அக்காவிடம் போனார்.

"இன்னைக்கு ஒரு நாளு அவரு வண்டிய ஓட்டலாமுல்ல தங்கச்சி?"

"அவரு வண்டி அவரு உசரத்துக்கு இருக்குண்ணே. எனக்கு என் வண்டிதான் சொன்னபடி கேக்கும்."

"சரியாயிருச்சா?"

"சரியாத்தாண்ணே இருக்கு."

"சரியாத்தான் இருக்கா, சரியா இருக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். "சரியா இருக்குண்ணே. சாயங்காலம் வந்து பாருங்க."

சாயங்காலம் ஆறு மணி ஆட்டத்துக்குப் போனோம். அப்பா இரண்டு டிக்கெட் வாங்கினார். என்னை மேடைக்கு அழைத்துப் போய், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, டிக்கெட் கிழிப்பவரிடம் என்னைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். "நான் கீழ இருக்கேன்," என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே வண்டி உறுமத் தொடங்கியிருந்தது.

முதலில் அக்காவின் புருஷன் ஓட்டினார். பிறகு அக்கா. சிவப்புத் துணி கட்டிய தலை கீழே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சுவரில் ஏறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. இந்த இடத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினால், பக்கத்தில் அவர் இல்லை. தவறவிடுகிறாரே என்ற பதற்றத்தில் நாலு படி இறங்கிக் கீழே பார்த்தேன்.

அப்பா கிணற்றின் வெளிச்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்திருந்தார். தலை குனிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வண்டி அந்தப் பக்கமாக வரும்போதெல்லாம் பலகை அதிர்ந்தது. அவர் தோள்களும் சேர்ந்து அதிர்ந்தன. "அப்பா, வாங்கப்பா! கையை விடப் போறாங்க!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. நானும் தவறவிட விரும்பாமல் மேலே ஓடிவிட்டேன்.

அக்கா கையை விட்டார். விரித்த கைகளோடு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. என்னைத் தாண்டும்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆட்டம் முடிந்து இறங்கினேன். அப்பா மைதானத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கையை விட்டுட்டு ஓட்டுனாங்கப்பா! மூணு சுத்து! நீங்க பாக்கவே இல்லையே!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

டிக்கெட் வாங்கிவிட்டுக் காதால் கேட்டுவிட்டு வருகிற ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை. வழியெல்லாம் யோசித்து, அப்பாவுக்கு உயரம் என்றால் பயம் என்று முடிவு செய்தேன். மலையில் வேன் ஓட்டுகிறவருக்கு உயரம் பயமாம்! பெரியம்மா வீட்டில் அன்றைக்கே இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். கல்லூரிக்குப் போனபின்னும், வீட்டுக்கு வந்த தோழிகளிடம் அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னேன்: மரணக் கிணற்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, பயந்துபோய் வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் எங்கள் அப்பா.

ஒரு தடவைகூட அவர் அதை இல்லை என்று சொன்னதில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.